மேலுக்குத் தடவற மருந்து

எங்க வூட்டுக்காரருக்கு எது வந்தாலும் தேய்ச்சாப் போதும். தலைவலியா, தைலம். இடுப்பு புடிச்சுக்கிச்சா, வேப்பெண்ணெய். சளியா, தேங்காயெண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சு பூரா. மாத்திரைன்னா மட்டும் மூஞ்சியைச் சுளிப்பாரு. "உள்ளுக்குச் சாப்புடறதுதான் ஒன்னு கெடக்க ஒன்னு பண்ணும் தனம், மேலுக்குத் தடவறது இன்னா பண்ணிடப் போவுது?"ன்னு கேப்பாரு. பலராமன்னு பேரு வெச்சாங்க, பிடிவாதராமன்னு வெச்சிருக்கணும். கல்யாணம் ஆன நாள்லருந்து தைல நாத்தத்துலயே குடித்தனம் பண்ணிட்டேன். எங்க பக்கம் முக்காவாசிப் பேரு அப்பிடித்தான், அதனால அது எனக்கு ஒரு குத்தமாவே பட்டதில்ல.

நாங்க திருவண்ணாமலை பக்கத்துல அடி அண்ணாமலை. வூட்டுக்குப் பின்னால கொஞ்சம் நெலம், மல்லாட்டை போடுவோம், வேர்க்கடலைன்னு நீங்க சொல்றது. வாசல்ல மலை சுத்தற ரோடு. பௌர்ணமி ஆச்சுன்னா வாசல்லயே அடுப்பு மூட்டி, மல்லாட்டையை அவிச்சு, வர்ற ஜனத்துக்கு விப்போம். ஒரே பொண்ணு மதிவதனி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை, அங்கயே ஹாஸ்டல்.

கொல்லையில மல்லாட்டை புடுங்கிட்டு இருந்தவரு நெஞ்சைப் புடிச்சுட்டு வரப்புல உக்காந்துட்டாரு. மூஞ்செல்லாம் வேர்வை. வாய்வுன்னாரு, தைலத்தைத் தேய்ச்சாரு, போச்சுன்னாரு. மறுபடி வந்துச்சு, மறுபடி தேய்ச்சாரு. நான் மதிவதனிக்குப் போன் பண்ணேன். அவ லீவு போட்டு வந்து, "அப்பா, இப்ப நீ கெளம்பல, நான் வேலையை உட்டுட்டு இங்கயே உக்காந்துடுவேன்"னு ஒரே போடாப் போட்டா. அப்பறந்தான் மனுஷன் சட்டையை மாட்டினாரு.

டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டாக்டரு சின்ன வயசு, பொறுமையாப் பேசினாரு. கையில மணிக்கட்டு வழியா சன்னமா ஒரு ட்யூப் உட்டு, இதயத்துல எங்க அடைப்புன்னு படம் புடிச்சுப் பாக்கணும்னாரு. இவரோட மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துட்டு, "குழாய் ரொம்ப மெல்லிசா இருக்கே. ட்யூப் போறப்போ கவ்விக்கும், வலிக்கும். முன்னாடியே ஒரு ஆயின்மென்ட் போட்டுடலாம், குழாய் விரிஞ்சு குடுக்கும்"னு சொன்னாரு. கீழ மருந்துக் கடையில நான்தான் போயி அந்த ஆயின்மென்ட் ட்யூபை வாங்கிட்டு வந்தேன்.

அன்புச்செல்வின்னு ஒரு நர்சு. கையில உறையை மாட்டிக்கிட்டு ட்யூபைப் பிதுக்கினா. இவருக்கு சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "இன்னா பாப்பா, என்னைத் தொட உறை போட்டுக்கினு வர்ற? நான் இன்னா அவ்ளோ அழுக்கா?"ன்னாரு. எனக்கு மானம் போச்சு. அந்தப் பொண்ணு சிரிச்சிடுச்சு. "ஐயோ அப்பா, இது என் கையில பட்டா எனக்குத் தலை வலிக்கும். உங்களுக்கும் கொஞ்சம் வலிக்கும் பாருங்க, பயந்துக்காதீங்க"ன்னு சொல்லி, மணிக்கட்டுல துளியூண்டு தடவி, மேல கண்ணாடி மாதிரி ஒரு தாளை ஒட்டிட்டுப் போச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு இவரு என்னைக் கூப்புட்டாரு. "தனம், இங்க விரலை வையேன்." வெச்சேன். முன்னாடி நூலு மாதிரி ஓடிட்டிருந்த நாடி, விரலைத் தூக்கி அடிக்குது. அவரு கண்ணு அகலமாயிடுச்சு. "பாத்தியா? வெறும் தடவினதுக்கே இந்தத் துள்ளு துள்ளுது!" எனக்கும் ஆச்சரியந்தான். அந்த நர்சு திரும்ப வந்தப்போ இவரு சும்மா இருக்கல. "ஏம் பாப்பா, இதையே நெஞ்சுல தடவினா நெஞ்சுக் குழாயும் விரிஞ்சுடும்ல?"

"அப்பிடி இல்லப்பா. கையில இருக்கிறது நல்ல குழாய், விரியுது. நெஞ்சுல கொழுப்பு அடைச்சுட்டு நிக்குது, தடவினா கொழுப்பு போவாது. இதை ஜாஸ்தி போட்டா பிரஷர் கம்மியாயி மயக்கம் போட்டு உழுந்துடுவாங்க."

இவரு தலையை ஆட்டினாரு. இவரு அவ்ளோ நல்லாத் தலையாட்டினா, காதுல வாங்கலன்னு அர்த்தம். அந்தப் பொண்ணுக்கு எப்பிடித் தெரியும்?

கைக்குள்ள ட்யூபு சுலபமாப் போயிடுச்சு. வெளிய வர்றப்போ சிரிச்சுக்கினே வந்தாரு. "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல தனம், எல்லாம் அந்த மருந்துதான்." ஆனா டாக்டரு எங்களை உக்கார வெச்சு படத்தைக் காட்டினாரு. மூணு குழாயிலயும் அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் ஆப்பரேஷன் பண்ணணும், சென்னையில பண்ணலாம், அரசாங்க காப்பீட்டு அட்டையிலயே ஆயிடும்னாரு. அப்பறம் இவரைப் பார்த்து ஒன்னு சொன்னாரு. "ஐயா, உங்க இதயம் இன்னிக்கு நல்ல பலமா இருக்கு. இந்த பலம் இருக்கிறப்பவே பண்ணிக்குங்க, நல்லாயிடுவீங்க. பெருசா ஒரு மாரடைப்பு வந்து சதை செத்துடுச்சுன்னா, அப்பறம் நீங்களே கேட்டாலும் எங்களால பண்ண முடியாது."

இதுக்கு மேல ஒருத்தரு எப்பிடித் தெளிவாச் சொல்றது?

வெளிய வந்ததும், "முடியாது"ன்னுட்டாரு. "ஆடு அறுக்கிற மாதிரி என்னைப் பொளந்து போடுவாங்க, நீ வேடிக்கை பாப்பியா? நான் செத்தாலும் முழுசாச் சாவறேன்." மதிவதனி அங்கயே ஆஸ்பத்திரி படி மேல உக்காந்து அழுதா. போறவங்க வர்றவங்க எல்லாம் பார்த்தாங்க. இவரு பார்க்கல. மாத்திரைப் பையை எடுத்துக்கினு ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டாரு. அந்தப் பையில மிச்சம் ஆயின்மென்ட் ட்யூபும் இருந்துச்சு. நம்ம காசு போட்டு வாங்கினதை ஆஸ்பத்திரியில உட்டுட்டு வர யாருக்கு மனசு வரும்?

அதுக்கு அப்பறம் எங்க வூட்டுல சண்டை இல்லாத பொழுது இல்ல. நான் சோறாக்காம படுத்துப் பார்த்தேன், அவரு டீக்கடையில பன்னைத் தின்னுட்டு வந்துட்டாரு. பேசாம இருந்து பார்த்தேன், அவரு ரேடியோவோட பேசிட்டு இருந்தாரு. மதிவதனி தெனம் போன் பண்ணி, "அப்பா, எனக்காகப்பா"ன்னு கெஞ்சுவா. "நல்லாதான்மா இருக்கேன்"னு போனை என்கிட்ட குடுத்துடுவாரு. ஒரு நாளு தாங்க முடியாம, "உனக்குப் பயம்யா! ஆம்பளைன்னு மீசை மட்டும் முறுக்கத் தெரியுது, கத்தியைக் கண்டா நடுங்குற!"ன்னு கத்திட்டேன். அவரு எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டாரு. திட்டியிருந்தாகூட பரவால்ல.

அப்பறம் பாருங்க, ஆளு தேறிட்டாரு. சத்தியமா. கொல்லைக்கு நாலு எட்டு வெச்சா நின்னு நின்னு போனவரு, இப்ப வீசி நடக்கிறாரு. "நெஞ்சு லேசா இருக்கு தனம், யாரோ கல்லை எடுத்துப் போட்ட மாதிரி." அண்ணாமலையாரு கண்ணைத் தொறந்துட்டாருன்னு நான் நெனைச்சேன். மதிவதனிகிட்ட போன்ல, "உங்கப்பன் இளவட்டமாயிட்டாருடி"ன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. "நல்லாருக்கிறப்பவே கூட்டிட்டுப் போயிடலாம்மா"ன்னா. கார்த்திகை தீபம் முடியட்டும், மெல்ல வழிக்குக் கொண்டாந்துடலாம்னு சொன்னேன். நெஜமா அப்பிடித்தான் நம்பினேன்.

தலைவலி மட்டும் இருந்துச்சு. அவருக்குத் தெனம் தலைவலி. வெயில்னாரு, தூக்கம் பத்தலன்னாரு. நான் பக்கத்துல உக்காந்து நெத்தியை அமுக்கி உடுவேன். எனக்கும் வந்துச்சு, நெத்திப் பொட்டு ரெண்டும் வெடிக்கிற மாதிரி. துணி தொவைச்சுட்டு வந்தாப் போதும், வாந்தி வர்ற அளவுக்கு வலிக்கும். கவலைதான் தலைக்கு ஏறுதுன்னு நெனைச்சுக்கினு, ஒரு காப்பித் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்துடுவேன்.

ஆவணி மாசத்துப் பௌர்ணமி. காலையிலயே அடுப்பு மூட்டியாச்சு. அவருக்கு மாத்திரை தீர்ந்திருந்துச்சு. அவரு வாங்க மாட்டாரு, நான்தான் டவுனுக்குப் போவணும். "சீக்கிரம் வா, மத்தியானத்துக்கு மேல ஜனம் எறங்கிடும்"னு சொல்லிட்டு அண்டாவுல மல்லாட்டையைக் கொட்டிட்டிருந்தாரு. சட்டை பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தாரு. அந்தப் புழுக்கத்துல எதுக்கு இப்பிடின்னு கேட்டேன். "கெழவனுக்கு அழகு வேணாமா?"ன்னாரு. சிரிச்சுட்டுக் கெளம்பினேன்.

தேரடித் தெருவுக்குப் பின்னால கண்ணாயிரம் மெடிக்கல் வெச்சிருக்கான். எங்களுக்குப் பழக்கந்தான். மாத்திரையை எண்ணிப் போட்டுக்கினே கேட்டான். "அண்ணனுக்கு மூலம் எப்பிடிக்கா இருக்கு? தேவலையா?"

"மூலமா? அவருக்கு ஏதுடா மூலம்?"

அவன் ஒரு மாதிரி நெளிஞ்சான். "சொல்லக் கூச்சப்படறாரு போல. விடுங்கக்கா. ஆனா இவ்ளோ போடக் கூடாதுன்னு சொல்லுங்க. காலி ட்யூபைக் கொண்டாந்து காட்டினாரு, மூல வெடிப்புக்குக் குடுக்கிற ஆயின்மென்ட்டுதான். துளியூண்டு தொட்டு வெச்சா ஒரு ட்யூபு எத்தினியோ நாளைக்கு வரும். அண்ணன் வாரா வாரம் வந்து வாங்கினு போறாரு."

எடுத்துக் காட்டுடான்னேன். காட்டினான். ஆஸ்பத்திரியில நான் வாங்கின அதே ட்யூபு. அதே மருந்து ஒரு எடத்துல கைக் குழாயை விரிக்குது, ஒரு எடத்துல மூல வெடிப்பை ஆத்துது. எனக்கு அங்க நின்னபடியே எல்லாம் வெளங்கிடுச்சு. அவரோட தலைவலி. கழுத்து வரைக்கும் போட்ட பித்தான். அவரு பனியனைக் கசக்கிப் பிழிஞ்சுட்டு வந்து நான் படுத்துக் கெடந்தது. உறை போட்டுக்கினு வந்த அந்த நர்சு பொண்ணு. அடப் பாவி மனுஷா, உடம்பு பூரா பூசிக்கினு திரியறியான்னு கடை வாசல்லயே வாயில அடிச்சுக்கினேன். "டாக்டரு சீட்டு இல்லாம நீ எப்பிடிடா குடுத்த?"ன்னு கண்ணாயிரத்தைக் கேட்டேன். அவனை நின்னு திட்டக்கூட எனக்கு நேரமில்ல.

போன் அடிச்சேன், எடுக்கல. திரும்பத் திரும்ப அடிச்சேன். பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளிய நிறுத்திட்டாங்க. ஒரு ஆட்டோக்காரரு குபேர லிங்கம் கோயில் பக்கமாக் கூட்டினு போயி, தடுப்பு போட்டிருந்த எடத்துல எறக்கி உட்டுட்டாரு. எங்க ஊருக்கு அந்த வழிதான் கிட்ட. ஆனா ஜனம் அத்தனையும் எதிர்ல வருது. மலை சுத்தறவங்க ஒரு பக்கமாத்தான் சுத்துவாங்க, எதிர்ப் பக்கம் நடக்கக் கூடாது. நான் எதிர்ல ஓடறேன். "இப்பிடி வரக் கூடாதும்மா, பாவம்"னு ஒரு அம்மா கையைப் புடிச்சுத் திருப்பப் பார்த்துச்சு. "உடும்மா, என் வூட்டுக்காரரு!"ன்னு உதறிட்டு ஓடினேன். செருப்பு ஒன்னு எங்கயோ போச்சு. அரோகரா அரோகரான்னு சத்தம். எனக்கு அந்தச் சாமி பேரைச் சொல்லக்கூட வாய் வரல.

எங்க வாசல்ல கூட்டம். அடுப்பு எரிஞ்சுக்கினே இருக்கு, அண்டா கொதிக்குது. அவரைத் தரையில கெடத்தியிருந்தாங்க. மலை சுத்த வந்த யாரோ ஒரு புண்ணியவான் உள்ளங்காலைப் பரபரன்னு தேய்ச்சுக்கினு இருந்தாரு. அண்டாவைத் தூக்கி எறக்கப் போனாரு, அப்பிடியே சாஞ்சுட்டாருன்னாங்க. சட்டையைப் பிச்சேன். நெஞ்சு, தோளு, விலா எல்லாம் மினுமினுன்னு வெள்ளையாப் பூசியிருந்துச்சு. பௌர்ணமி வேலை ஜாஸ்தின்னு அன்னிக்கு இன்னும் கெட்டியாப் பூசியிருக்காரு. முந்தானையைத் தண்ணியில நனைச்சு நனைச்சுத் தொடைக்கிறேன், வழவழன்னு போவ மாட்டேங்குது. கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்தாரு. ஏதோ சொல்ல வந்தாரு, நாக்கு குழறிடுச்சு.

நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு. சைரன் சத்தம் கேக்குது, வண்டி வர்ல. அவ்ளோ ஜனம். கையெடுத்துக் கும்புட்டுக் கத்தினேன், வழி உடுங்கன்னு. ஜனமும் பாவம், எங்கதான் ஒதுங்கும்? அந்தச் சத்தம் அங்கயே நின்னுக்கினு இருந்துச்சு.

உசுரைக் காப்பாத்திட்டாங்க. அதே டாக்டருதான். ரெண்டாம் நாளு மதிவதனியையும் என்னையும் தனியாக் கூப்புட்டாரு. அன்னிக்கு அவரு மூஞ்சியில அந்தப் பொறுமை இல்ல, சோர்வுதான் இருந்துச்சு. "அவ்ளோ மருந்தையும் பூசிட்டு அனல்ல நின்னிருக்காரு. பிரஷர் ஒரேயடியா எறங்கிடுச்சு. அடைச்ச குழாய் வழியா ஏதோ கொஞ்சம் ரத்தம் போயிட்டிருந்துச்சு, அதுவும் நின்னுடுச்சு. இதயத்துல பெரும் பங்கு சதை செத்துடுச்சும்மா."

"இப்ப ஆப்பரேஷன் பண்ணிடலாம் சார், நாங்க கட்டி இழுத்துனாச்சும் கூட்டினு வர்றோம்"னா மதிவதனி.

அவரு இல்லன்னு தலையை ஆட்டினாரு. சென்னைக்குப் படத்தை அனுப்பினாரு, அங்கயும் அதேதான். மேசையிலயே போயிடுவாருன்னாங்க. மாத்திரை குடுத்து, உப்பைக் கம்மி பண்ணி, இருக்கிற வரைக்கும் பார்த்துக்குங்கன்னாங்க. மருந்து வேலை செஞ்சதாலதான் நெஞ்சு லேசா இருந்துச்சு, அதுல பொய்யில்ல, ஆனா அடைப்பு அப்பிடியேதான் இருந்துச்சுன்னு டாக்டரு வெளக்கினாரு. அவ்ளோ நல்லாருந்தப்போ அவரைத் தூக்கினு போயிருக்கலாமேன்னு மதிவதனி செவுத்துல தலையை முட்டிக்கினா. நான் அவளைப் புடிக்கக்கூட இல்ல.

இப்ப வூட்டுல இருக்காரு, டாக்டரு சொன்னதை அவருகிட்ட நாங்க சொல்லல. கூடத்துல கட்டிலு. மூணு தலகாணி வெச்சு சாஞ்சுதான் தூங்கணும், படுத்தா மூச்சு முட்டுது. காலு ரெண்டும் வீங்கி, அமுக்கினா குழி விழுது. கக்கூசுக்கு நான் தோள் குடுத்துக் கூட்டினு போறேன். கொல்லையில மல்லாட்டையை இந்தத் தடவை ஆளு வெச்சுப் புடுங்கினேன். யாரு வந்து தைலத்தை நீட்டினாலும் வேணாம்னுடறாரு.

போன வாரம் காலையில கஞ்சி குடுத்துக்கினு இருந்தேன். ரெண்டு வாய் குடிச்சாரு, கிண்ணத்தைத் தள்ளிட்டு என்னைப் பார்த்தாரு.

"தனம், போலாம்."

"எங்க?"

"சென்னைக்குத்தான். ஆப்பரேஷன் பண்ணிக்கிறேன்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழ வெச்சேன். அவரு மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாரு. "நீ சொன்னது நெசந்தான். பயந்துட்டேன். மயக்கத்துல கெடந்தப்போ உன் சத்தம் கேட்டுச்சு, வழி உடுங்க வழி உடுங்கன்னு. இனிமே உன்னை அப்பிடிக் கத்த உடக் கூடாதுன்னு நெனைச்சேன். டாக்டருதான் சொன்னாரே, பண்ணிக்கிட்டா நல்லாயிடுவேன்னு. மதிவதனிகிட்ட சொல்லிடு, புள்ள சந்தோஷப்படும்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பட்டினி கெடந்தேன். கெஞ்சினேன், திட்டினேன், எந்தெந்தச் சாமிக்கோ காசு முடிஞ்சு வெச்சேன். இப்ப வந்து சொல்றாரு. முடியாதுய்யா, முடிஞ்சு போச்சுய்யான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு மூஞ்சியைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போறேன்னு ஒத்துக்கிட்ட புள்ளை மாதிரி இருந்தாரு. "சரிங்க, போலாம்"னேன்.

அன்னிலருந்து அதே பேச்சுதான். வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு. "சென்னைக்குப் போறேன், நெஞ்சு ஆப்பரேஷன், வந்து மல்லாட்டை வெதைக்கணும்." வந்தவங்களுக்கு விஷயம் தெரியும், என் மூஞ்சியைப் பார்ப்பாங்க, நான் அடுப்படிக்குப் போயிடுவேன். மதிவதனிக்கு அவரே போன் பண்ணிச் சொன்னாரு. அவளும், "சரிப்பா, லீவு சொல்றேன்"னா. பையை எடுத்து வைக்கச் சொன்னாரு. எடுத்து வெச்சேன். வேட்டி, துண்டு, டம்ளரு, காப்பீட்டு அட்டை. சரியா இருக்கான்னு அவரே ஒரு தடவை பார்த்துக்கினாரு.

இன்னிக்குச் சாயங்காலம் வெளிய மழை கொட்டிக்கினு இருக்கு. அவரு சட்டை பித்தானைக் கழட்டிக்கினு என்னைக் கூப்புட்டாரு. "எங்கருந்து எங்க வரைக்கும் அறுப்பாங்க தனம்? உனக்குத் தெரியுமா? விரலால ஒரு கோடு போட்டுக் காட்டு."

கிட்ட உக்காந்தேன். கழுத்துக் குழியில விரலை வெச்சேன். எலும்பு எலும்பாத் துருத்திக்கினு இருக்கிற நெஞ்சு மேல மெதுவாக் கீழ எறக்கினேன். உள்ள அது கோளாறா அடிக்கிறது விரலுக்குத் தெரிஞ்சுது. மேல் வயித்துக்கிட்ட நிறுத்தினேன்.

குனிஞ்சு பார்த்தாரு. "அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"இதுக்காடி நான் பயந்தேன்!"ன்னு சிரிச்சாரு. சிரிப்பு இருமலாயிடுச்சு, நெஞ்சைத் தடவி உட்டேன். இருமி முடிச்சுட்டு, "எப்ப போறோம்?"னு கேட்டாரு.

மழை உடட்டும், போலாம்னேன்.